பனிக்காலத்தில் உயிர்பெறும் கீழ்த்தளம்: மினசோட்டா கிராமங்களின் லுத்தரன் சபைகள்

அமெரிக்காவின் மினசோட்டா, வட டக்கோட்டா மாநிலங்களில் உள்ள சிற்றூர்களில், ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று மட்டும் மற்ற ஞாயிறுகளைப் போல் இருப்பதில்லை. ஆராதனை முடிந்ததும் யாரும் வீட்டுக்குக் கிளம்பமாட்டார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கி, வீட்டுக்கு வீடு கொண்டுவந்த உணவை மேசையில் பரப்பிச் சாப்பிட்டுவிட்டு, அச்சடித்த அறிக்கையைக் கையில் எடுப்பார்கள். அதுதான் சபையின் ஆண்டுப் பொதுக்கூட்டம். காணிக்கை எவ்வளவு வந்தது, போதகருக்கு எவ்வளவு கொடுத்தோம், கூரை ஒழுக்கைச் சரிசெய்ய யார் வருவார் என்ற வழக்கமான கேள்விகளோடு, அண்மைக் காலமாகப் பல சபைகளில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டுள்ளது. அடுத்த ஜனவரியில் இந்தக் கதவு திறந்திருக்குமா?

முப்பது, நாற்பது பேர் மட்டுமே கூடும் ஒரு சபைக்கு அது சாதாரணக் கேள்வி இல்லை. அந்த ஊர்களில் பள்ளிக்கூடம் பக்கத்து ஊரோடு இணைக்கப்பட்டுவிட்டது. மளிகைக் கடை மூடிவிட்டது. மிஞ்சியிருக்கும் பொதுக்கூடம் தேவாலயத்தின் கீழ்த்தளம் ஒன்றுதான். நம் ஊரில் தோட்டம் விற்கப்பட்டு மக்கள் பட்டணத்துக்குப் போன பிறகும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டும் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலையை விளக்கத் தேவையில்லை.

குளிர் எப்படிப்பட்டது?

வட மினசோட்டாவில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். 1996 பிப்ரவரி 2ஆம் தேதி, டவர் என்ற சிற்றூருக்கு அருகே மைனஸ் 51 டிகிரி பதிவானது. மாநிலத்தின் வரலாற்றில் அதுவே மிகக் குறைந்த வெப்பநிலை. இரவில் காரை நிறுத்தினால், காலையில் எஞ்சின் இயங்குவதற்காக மின்கம்பியில் செருகி வைக்கும் வழக்கம் அங்கே உண்டு.

பனிப்புயல் இன்னும் மோசமானது. 1888 ஜனவரி 12ஆம் தேதி, காலையில் இதமாக இருந்த வானிலை சட்டென்று மாறி, சமவெளி முழுவதும் கண் தெரியாத பனிப்புயல் வீசியது. பள்ளியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் உட்பட 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனாலேயே அதற்குப் ‘பிள்ளைகளின் பனிப்புயல்’ என்று பெயர் வந்தது. குடியேறி வந்து அப்போதுதான் மண்ணைப் பண்படுத்திக்கொண்டிருந்த நோர்வே, சுவீடன், ஜெர்மானியக் குடும்பங்கள் அதில் பிள்ளைகளைப் பறிகொடுத்தன. பனிக்காலத்தில் அண்டை வீட்டாரைத் தனியே விடக்கூடாது என்பது அந்த மக்களுக்கு மரியாதை பற்றிய விஷயம் மட்டுமன்று. உயிர் பற்றிய விஷயம்.

கோடையில் அவர்களுக்கு நேரமே கிடையாது. விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என்று அக்டோபர் வரை வேலை நெரிக்கும். நிலம் உறைந்த பிறகுதான் கை ஓயும். ஆகவே அந்தக் கிராமச் சபைகளின் சமூக வாழ்வு பெரும்பாலும் பனிக்காலத்தில்தான் நடக்கிறது.

கட்டடமும் அதற்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. மண் உறையும்போது விரிந்து அடித்தளத்தைத் தூக்கிவிடும் என்பதால், உறைபனி எட்டாத ஆழம்வரை தோண்டியே அங்கே கட்டடம் எழுப்ப வேண்டும். வட மினசோட்டாவில் அந்த ஆழம் 60 அங்குலம், அதாவது ஐந்து அடி. அவ்வளவு தோண்டுபவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறையே கிடைத்துவிடும். அப்படி உருவான கீழ்த்தளங்களில்தான் சமையற்கூடம், நீண்ட மேசைகள், பெரிய காப்பிப் பாத்திரம், ஞாயிறு பள்ளி எல்லாம் இருக்கின்றன. மேலே பீடம், கீழே அடுப்பு. இரண்டில் எது சபையை அதிகம் தாங்கியது என்று கேட்டால் அங்குள்ளவர்களே சிரித்துக்கொண்டு கீழே கை காட்டுவார்கள். அந்தச் சமையற்கூடத்துப் பெண்களை வைத்து ‘சர்ச் பேஸ்மெண்ட் லேடீஸ்’ என்ற நகைச்சுவை இசைநாடகம் 2005இல் மினசோட்டாவில் அரங்கேறி, தொடர்ந்து பல பாகங்கள் வந்தன.

கருவாட்டில் தொடங்கும் பருவம்

பனிக்காலம் தொடங்கும் அடையாளம் ‘லூட்டஃபிஸ்க்’ விருந்து. நோர்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் பிடித்து, மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காற்றில் காயவைத்த காட் மீன், அதாவது கட்டை போன்ற ஒரு கருவாடு, முதலில் சில நாள் தண்ணீரில் ஊறும். பிறகு காரக் கரைசலில் ஊறி ஊதிப் பெருக்கும். அந்த நிலையில் அதைச் சாப்பிட்டால் வாய் வெந்துவிடும். ஆகவே மீண்டும் பல நாள் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்துக் காரத்தைப் போக்கிய பிறகே வேகவைப்பார்கள். வெந்த மீன் கூழாய், கண்ணாடி போல் நடுங்கும். வெள்ளிக் கரண்டி பட்டால் கரண்டி கறுக்கும். நோர்வே வழியினர் உருக்கிய வெண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள். சுவீடன் வழியினர் வெள்ளைக் குழம்பு ஊற்றுவார்கள். எது சரி என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சபைக்குச் சபை இந்த விருந்து நடக்கும். வருகிறவர்கள் எண் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு மேலே தேவாலய இருக்கைகளில் காத்திருப்பார்கள். எண்ணை அழைத்ததும் கீழே இறங்கி நீண்ட மேசையில் அறிமுகமில்லாதவர் பக்கத்தில் உட்கார வேண்டும். மீன் வேகவைப்பது பெரும்பாலும் ஆண்களின் வேலை. மினியாபோலிசில் 1910இல் தொடங்கிய ஓல்சன் மீன் நிறுவனம் இந்த மீனைத் தயாரிப்பதில் பெரிய பெயர். மேற்கு மினசோட்டாவில் உள்ள மேடிசன் என்ற சிற்றூர் தன்னை அமெரிக்காவின் லூட்டஃபிஸ்க் தலைநகரம் என்று அழைத்துக்கொண்டு, ஒரு பெரிய காட் மீன் சிலையையே வைத்திருக்கிறது.

கூடவே ‘லெஃப்சா’ வரும். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கோடு மாவு பிசைந்து, சப்பாத்தியைவிட மெல்லியதாகத் தேய்த்து, பெரிய வட்டக் கல்லில் போட்டு, நீண்ட தட்டைக் குச்சியால் திருப்பிச் சுடுவது. அதில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டித் தருவார்கள். தேய்ப்பது எளிதல்ல. பாட்டியோடு நின்று பழகாத கைக்கு மாவு கிழிந்துவிடும். இதனால்தான் நவம்பர் மாதத்தில் பல சபைகள் லெஃப்சா சுடும் நாள் ஒன்றை வைத்து, இளையவர்களைக் கல்லருகே நிறுத்துகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விருந்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நோர்வே மொழியும் தெரியாது, சுவீடிஷும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து இறங்கிய அவர்களின் முன்னோர் தாய்மொழியில்தான் ஆராதித்தார்கள். தாய்மொழியில்தான் பிள்ளைகளுக்கு லூத்தரின் ஞானோபதேசத்தைக் கற்பித்தார்கள். முதல் உலகப் போர் வந்ததும் அந்நிய மொழி பேசுபவரெல்லாம் சந்தேகத்துக்கு உரியவர் ஆனார்கள். 1918 மே மாதம், பக்கத்து மாநிலமான அயோவாவின் ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பொது இடத்திலும் தொலைபேசியிலும் வழிபாட்டிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று அறிவிப்பு வெளியிட்டார். போர் முடிந்து தடை போனது. ஆனால் அச்சமும், பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்ற ஆசையும் போகவில்லை. ஓரிரு தலைமுறையில் மேலே பீடத்தில் மொழி மாறிவிட்டது. கீழே அடுப்பில் மாறவில்லை. உணவு ஓர் இனத்தை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் என்பதற்கு இது ஒரு சான்று. எதை வைத்திருக்க முடியாது என்பதற்கும் அதுவே சான்று.

நான்கு மெழுகுவர்த்தி

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்தி வைத்து வாரம் ஒன்றாக ஏற்றுவது இன்று உலகமெங்கும், கத்தோலிக்க ஆலயங்களிலும் நடக்கிறது. அதன் தொடக்கம் ஒரு லுத்தரன் போதகரிடம் இருக்கிறது. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று தினமும் கேட்ட பிள்ளைகளுக்காக 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து நாள் எண்ணக் கற்றுக்கொடுத்தார். மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில் ஒரு மெழுகுவர்த்தி என்பது வெறும் அலங்காரமாக இராது.

டிசம்பர் 13ஆம் தேதி சுவீடன் வழிச் சபைகளில் லூசியா நாள். வெள்ளை உடையில், தலையில் விளக்கு வளையம் சூடிய ஒரு சிறுமி, குங்குமப்பூ ரொட்டியும் காப்பியும் கொண்டுவருவாள். பிறகு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம். அப்பாவின் குளியல் அங்கியைப் போட்டுக்கொண்ட மேய்ப்பர்கள், வசனத்தை மறந்து அழும் தேவதூதர்கள். முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகிதப்பை: தோலோடு வறுத்த வேர்க்கடலை, ஓர் ஆரஞ்சு, மிட்டாய். கடையில் எல்லாம் கிடைக்கும் இக்காலத்திலும் அந்தப் பையை மாற்றப் பலர் சம்மதிப்பதில்லை. நோர்வே வழி ஊர்களில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு முகமூடியும் பழைய துணியும் அணிந்து வீடு வீடாகப் போய், ‘யார் என்று கண்டுபிடி’ என்று விளையாடும் ‘யூலபுக்’ வழக்கமும் இருந்தது. அதை மீண்டும் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள்.

புதன்கிழமை மாலை தனிக் கதை. மினசோட்டா கிராமங்களில் புதன் இரவு தேவாலய இரவு என்பது பழைய உடன்பாடு. பல ஊர்ப் பள்ளிகள் அன்று விளையாட்டுப் போட்டி வைப்பதைத் தவிர்த்து வந்தன. பதின்ம வயதினர் திடப்படுத்தல் வகுப்புக்கு வருவார்கள். தவக்காலத்தில், அதாவது பிப்ரவரி, மார்ச் புதன்களில், முதலில் எல்லோருக்கும் சூப்பும் ரொட்டியும், பிறகு சிறிய மாலை ஆராதனை. சூப்புக்கு விலை கிடையாது. வாசலில் ஒரு பெட்டி இருக்கும். முடிந்ததைப் போடலாம், போடாமலும் போகலாம். தனியே வாழும் முதியவர்களுக்கு அந்த வாரத்தில் இன்னொருவரோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரே வேளை அதுவாக இருப்பதுண்டு.

ஏரி உறைந்த பிறகு ஆண்கள் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கப் போவார்கள். ஆள் நடக்க நான்கு அங்குலத் தடிப்பாவது வேண்டும். வண்டி ஓட்ட அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. அங்கே சிறு குடில் போட்டு உட்கார்ந்திருக்கும் மணிக்கணக்கான நேரத்தில் பேசப்படுவது, போதகரிடம் பேசப்படுவதைவிட அதிகம் என்று சொல்வார்கள்.

போர்வையும் சாவு வீட்டுச் சாப்பாடும்

வார நாளில், காலை ஒன்பது மணிக்கு, ஏழெட்டுப் பெண்கள் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். வயது பெரும்பாலும் எழுபதைத் தாண்டியது. பழைய திரைச்சீலை, படுக்கை விரிப்பு, சட்டைத் துணி எல்லாவற்றையும் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவே ஒரு பழைய கம்பளி வைத்து, நூலால் ஆங்காங்கே முடிச்சிட்டு ஒட்டுப்போர்வை தைப்பார்கள். அளவு 60க்கு 80 அங்குலம். போர் முடிந்த ஐரோப்பாவுக்கு உதவ 1945இல் தொடங்கப்பட்ட லுத்தரன் உலக நிவாரண அமைப்பு இவற்றைச் சேகரித்து, போராலும் பேரிடராலும் வீடிழந்தவர்களுக்கு அனுப்புகிறது. ஆண்டுதோறும் இப்படிப் போவது இலட்சக்கணக்கில். அனுப்புவதற்கு முந்திய ஞாயிறு, எல்லாப் போர்வைகளையும் தேவாலய இருக்கைகளின் மேல் விரித்து வைத்து ஜெபிப்பார்கள். யாருக்குப் போகிறது என்று தைத்தவர்களுக்குத் தெரியாது.

இந்தப் பெண்கள் குழுக்களுக்குப் பைபிள் பெண்களின் பெயர் இருக்கும். ரூத் குழு, நகோமி குழு, மார்த்தாள் குழு, தொற்காள் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் மாதம் ஒன்று ஒதுக்கி, அந்த மாதத்தில் ஊரில் சாவு நேர்ந்தால் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. பன்றி இறைச்சி வைத்த பன், காளான் சூப் ஊற்றி அடுப்பில் சுட்ட ‘ஹாட்டிஷ்’, ஜெலி, சதுரமாக வெட்டிய இனிப்பு, குடம் குடமாகக் காப்பி. இந்த ஹாட்டிஷ் என்ற உணவின் பழைய அச்சுக் குறிப்பே, 1930இல் மான்கேட்டோ நகரின் கிரேஸ் லுத்தரன் சபைப் பெண்கள் வெளியிட்ட சமையல் நூலில்தான் கிடைக்கிறது. காப்பியிலும் ஒரு நுட்பம் உண்டு. முழு முட்டையை ஓட்டோடு நசுக்கித் தூளில் கலந்து, கொதிநீரில் போடுவார்கள். தூள் முட்டையோடு கட்டிக்கொண்டு கசப்பையும் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் குளிர்ந்த நீர் தெளித்தால் அடியில் படிந்துவிடும். மேலே நிற்பது தேநீர் போல் தெளிந்த காப்பி.

அந்த வேலையைப் பார்த்து ஏளனம் செய்தவர்களும் உண்டு. பெண்களைச் சமையற்கூடத்தில் பூட்டிவைத்த சபை என்ற விமர்சனத்தில் உண்மையும் உண்டு. வாக்குரிமை இல்லாத காலத்திலும் பணப்பெட்டி அவர்களிடம் இருந்தது என்பது அதன் மறுபக்கம். பின்னிய காலுறையையும் மேசை விரிப்பையும் ஏலம் விட்டுச் சேர்த்த காசில்தான் பல தேவாலயங்களுக்கு மணியும் ஆர்கனும் வந்தன. மிஷன் பணத்தின் பெரும்பங்கும் அங்கிருந்துதான் போனது.

அந்தப் பணமும் அந்த மனிதர்களும் நம் பக்கம் வந்ததுண்டு. அமெரிக்க லுத்தரன்கள் அனுப்பிய முதல் மிஷனரியான ஜான் கிறிஸ்டியன் பிரெடரிக் ஹையர், 1842இல் ஆந்திரத்தின் குண்டூரில் பணி தொடங்கியவர். பிறகு மினசோட்டா சென்று, 1860இல் அங்குள்ள சபைகளை ஒன்றுசேர்த்து மினசோட்டா சினட்டை உருவாக்கி அதன் முதல் தலைவரானார். 76 வயதில் மீண்டும் கப்பலேறி ராஜமுந்திரிக்கு வந்தார். 1950களில், சீனாவிலிருந்து வெளியேறிய அமெரிக்க லுத்தரன் மிஷனரிகள் மலாயாவின் புதுக்கிராமங்களில் சீனர்களிடையே பணி செய்தார்கள். நம் தமிழ் லுத்தரன்கள் வந்த வழி வேறு. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதில் தொடங்கி, லைப்சிக் மிஷன் வழியாக வளர்ந்த சபை, தோட்டங்களுக்கும் இரயில்வேக்கும் வந்த தமிழர்களோடு கடல் கடந்தது. பிரிக்பீல்ட்ஸில் நிற்கும் சீயோன் லுத்தரன் தேவாலயம் அந்த வழியில் வந்தது.

ஏன் இத்தனை தேவாலயங்கள்?

1862ஆம் ஆண்டு நிலச்சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் தந்தது. குதிரை வண்டியில் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஒரு தேவாலயம் வேண்டியிருந்தது. இது ஒரு காரணம். சண்டை இன்னொரு காரணம். 1880களில், கடவுள் மனிதரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற இறையியல் வாதத்தில் நோர்வே சபைகள் இரண்டாகப் பிளந்தன. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு லுத்தரன் தேவாலயம், அந்தப் பக்கம் இன்னொன்று என்ற காட்சி அதனால் வந்தது. 1917இல் பெரும்பாலான நோர்வே சபைகள் ஒன்றாயின. கட்டடங்களும் குடும்பக் கோபங்களும் ஒன்றாக இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

இன்று 160 ஏக்கரில் யாரும் பிழைக்க முடியாது. பண்ணைகள் பல மடங்கு பெருத்துவிட்டன. அவற்றில் வாழும் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் மினியாபோலிசுக்கும் ஃபார்கோவுக்கும் போய்விட்டார்கள். 1988இல் மூன்று லுத்தரன் அமைப்புகள் இணைந்து அமெரிக்க இவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபை உருவானபோது உறுப்பினர்கள் சுமார் 5.2 மில்லியன். இப்போது 3 மில்லியனுக்கும் குறைவு. அதன் உறுப்பினர்கள் அதிகம் வாழும் மாநிலம் மினசோட்டாதான். ஆகவே அடியும் அங்கேதான் பலமாக விழுகிறது.

போதகர் தட்டுப்பாடு அடுத்த சிக்கல். ஒரே போதகர் மூன்று, நான்கு சபைகளைப் பார்க்கிறார். ஞாயிறு காலை ஒரு தேவாலயத்தில் ஆராதனை முடித்து, பனி மூடிய சாலையில் அடுத்ததற்கு ஓட்ட வேண்டும். போதகர் வராத ஞாயிறுகளில், பயிற்சி பெற்ற விவசாயியோ ஓய்வுபெற்ற ஆசிரியையோ பிரசங்கிப்பார்கள். வெப்பமூட்டும் எரிவாயுச் செலவைக் குறைக்க, சில சபைகள் பனிக்காலம் முழுவதும் மேல்தளத்தைப் பூட்டிவிட்டுக் கீழ்த்தளத்திலேயே ஆராதிக்கின்றன. இன்னும் சில, குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டு, ஈஸ்டர் வரை பக்கத்துச் சபையோடு சேர்ந்துகொள்கின்றன. இப்படிச் சேர்ந்தவர்கள் ஈஸ்டருக்குப் பிறகு திரும்பிப் போகாமலே இருந்துவிடுவதும் நடக்கிறது. சாவு வீட்டுச் சாப்பாட்டுக்கு மார்த்தாள் குழுவில் நால்வர்தான் என்றால், ரூத் குழுவோடு சேர்த்துவிடுகிறார்கள். சில இடங்களில் கடையில் வாங்கி வைக்கிறார்கள். அதைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது.

சில ஊர்களில் வேறு திசையும் தெரிகிறது. வொர்திங்டன், வில்மர் போன்ற இறைச்சித் தொழிற்சாலை நகரங்களுக்கு லத்தீன் அமெரிக்கர், சோமாலியர், மியன்மாரின் கரேன் இனத்தவர் வந்து குடியேறியுள்ளார்கள். நூறாண்டுக்கு முன் ஆங்கிலம் தெரியாத குடியேறிகள் கட்டிய ஊரில், இன்று ஆங்கிலம் தெரியாத குடியேறிகள். அவர்களைக் கீழ்த்தளத்துக்கு அழைத்த சபைகளும் இருக்கின்றன. அழைக்காத சபைகளும் இருக்கின்றன.

மூடுவது என்று பொதுக்கூட்டம் முடிவெடுத்தால், கடைசி ஆராதனைக்கு நாள் குறித்து, வெளியூர் போன பிள்ளைகளுக்கெல்லாம் கடிதம் போகும். அன்று பல ஆண்டுகளுக்குப் பிறகு இருக்கைகள் நிரம்பும். சபை கலைந்தால் மிச்சச் சொத்து மண்டல சினட்டுக்குப் போய்ச் சேரும். அதற்கு முன்பே மணி ஓர் ஊருக்கும், ஞானஸ்நானத் தொட்டி இன்னோர் ஊருக்கும், பெரிய காப்பிப் பாத்திரம் பக்கத்துச் சபையின் கீழ்த்தளத்துக்கும் போய்விடும். கல்லறைத் தோட்டம் மட்டும் எங்கும் போகாது. அதைப் பார்த்துக்கொள்ள ஊரார் தனிச் சங்கம் அமைத்துக்கொள்கிறார்கள். நிலம் கல்லாய் உறைந்திருக்கும் காலத்தில் இறந்தவர்களின் உடலைப் பாதுகாப்பறையில் வைத்து, மண் இளகிய பிறகு அடக்கம் செய்யும் பழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. வடக்குப் பகுதியில் இப்போதும் சில குடும்பங்கள் ஏப்ரல், மே வரை காத்திருக்கின்றன. தேவாலயம் மூடப்பட்ட ஊருக்கும் அன்று அவர்கள் வருகிறார்கள். சாப்பாடு பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து வருகிறது.